மலையக்காகிட்ட வசவு வாங்குனவங்க

வசவு வாங்கறதுக்கு ஆசைப்பட்டுக் காத்துக் கெடந்த ஊரு எங்க முள்ளுக்குறிச்சி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சந்தை நாள் காலையில மலைத்தடத்துல மலையக்கா தலைச்சுமையோட எறங்கி வருதுன்னா, காப்பிக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் அத்தனை பேரும் வேட்டியைச் சரிபண்ணிக்கிட்டு நிமிந்து உக்காருவான். இன்னிக்கு நம்மளை என்னன்னு வையப்போவுதோன்னு ஒரு குறுகுறுப்பு. வஞ்சுட்டுப் போனா, "கேட்டியா, என்னைத்தான், என்னைத்தான்"னு பக்கத்துல இருக்கறவனை இடிப்பான். வையாமப் போயிருச்சுன்னா அன்னிக்குப் பொழுதுக்கும் மொகஞ் செத்துத் திரிவான்.

அதுக்குப் பேருன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆனா அந்தப் பேரைச் சொல்லி ஆரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மலை மேல குண்டூர் நாடுங்கற பக்கத்துல ஊடு, நாலு பலாமரம், மரத்துல ஏத்தி உட்ட மொளகுக்கொடி, கொஞ்சம் சாமைக்காடு. ஆளு குட்டை. ஆனா மலையில மொத வளைவுல நின்னு பேசுனா அடிவாரத்துல மாடு காதைத் தூக்கும். எங்களுக்கெல்லாம் மலையக்கா. கெழவனுக்கும் அக்கா, புருசனுக்குக்கூட வெளியில மலையக்காதான். அந்த மனுசன் ரொம்பப் பேசமாட்டாரு. பேச எடம் இருந்தாத்தானே.

அக்கா வாயில வசவு வரோணும்னா அதுக்கு ஒரு சட்டம் உண்டுங்க. தன்னோட ஆளுன்னு மனசுல பட்டாத்தான் வையும். அசலூர்க்காரன், ஆகாதவன், வேண்டாதவன், இவுங்க ஆருக்கும் ஒரு சுடுசொல்லு கெடையாது. "வாங்க, உக்காருங்க, வெய்யில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா"தான். ஏனக்கா இப்படின்னு ஒருக்கா கேட்டேன். "அடுத்தவன் ஊட்டு எருமை பயிருல உழுந்தா ஓட்டி உடலாம், வைய முடியுமாடா? நம்ம எருமையத்தான் வையோணும். நீயே ஒரு எருமை, உனக்கு இது தெரியலியா"ன்னுச்சு. அன்னிக்கு ராத்திரி நான் சந்தோசமாச் சோறு தின்னேன்.

மலையில காட்டுக் காவலுக்குன்னு ஒரு கார்டு இருந்தான். கேக்காமக் கொள்ளாம ஊட்டுக்கோழியப் புடிச்சுட்டுப் போற ஆளு. அக்கா ஊட்டுக்கு வந்தா கட்டிலைத் தட்டிப் போட்டு, பலாச்சொளை உரிச்சு எலையில வெச்சு, "சாப்புடுங்கய்யா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா"ன்னு கேக்கும். அவனும் எறங்கி வந்து, "மலையில ஒரு பொம்பளைக்குத்தான் மரியாதை தெரியுது"ன்னு காப்பிக்கடையில பீத்திக்குவான். கடையே வாயைப் பொத்திக்கும். ரொம்ப நாளு அந்தாளுக்கு வெளங்கவே இல்லை. ஒரு மழைக்காலத்துல, புள்ளைவலியில துடிச்ச ஒரு பொண்ணைக் கட்டிலோட கீழ தூக்கிட்டு வந்தாங்க. தூக்கறதுக்கு ஒரு ஆளு கொறைஞ்சுது. இவன் சட்டையக் கழட்டிப் போட்டுட்டுத் தோளைக் குடுத்தான். பாதித் தடத்துல அக்கா கத்துச்சு. "ஏண்டா தடியா, ஆட்டி ஆட்டித் தூக்கறியே, உள்ள இருக்கறது பூசணிக்காயாடா?" அடிவாரத்துக்கு வந்து கட்டிலை எறக்கி வெச்சவன், கண்ணுல தண்ணியோட எங்களைப் பாத்துச் சிரிச்சான். அன்னிக்குத்தான் வெளங்கிருக்குது. அதுக்கப்புறம் அவன் கோழி புடிக்கலை.

இப்ப நம்ம கதைக்கு வாரேன். வெள்ளைக்காரன் காலம், ஒலகச் சண்டை நடந்துட்டிருந்த சமயம், ராசிபுரம் பஸ்ஸு கரி போட்டு ஓடுன காலம். எங்க ஊர்ல மொளகு மண்டி வெச்சிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பெரிய முதலாளி, சின்ன முதலாளி. பெரியவரு சேலம் போனப்ப ஆரோ பந்து ஒதைக்கறதைப் பாத்துட்டு வந்து, ஒரு பந்தும் செவப்புப் பனியனும் வாங்கியாந்தாரு. சந்தைமேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமும் மூங்கில் நட்டாங்க. முள்ளுக்குறிச்சிக்கு ஒரு புட்பால் கிளப்பு வந்துருச்சு. பந்து எங்களுது, பனியன் எங்களுது, அதனால கிளப்பும் எங்களுதும்பாரு சின்னவரு. ஓடுற காலு ஆரோடதுன்னு ஆரும் அப்பக் கேக்கலை.

அடிவாரத்துப் பையனுக ஏழு பேரு, மலைப் பையனுக நாலு பேரு. மலைப் பையனுக வெறுங்காலுல ஓடுனா பந்துக்கே மூச்சு வாங்கும். இடது பக்கம் ஓடுறவன் அக்காவோட மகன். நான் கோல் காக்கறவன். சந்தை முடிஞ்சதும் ஆட்டம். அக்கா வெறுங்கூடையக் கவுத்துப் போட்டு என் கோலுக்குப் பின்னால உக்காந்துக்கும். ஆப் டைம்ல நான் எதிர்ப்பக்கம் போனா கூடையத் தூக்கிட்டு அதுவும் அங்க வந்துரும்.

"கையில வெண்ணெயத் தடவிட்டு வந்தியாடா? தாவுடா! தாவுன்னா உக்கார்றியே, வெளங்காதவனே! பொண்ணு பாக்க வந்தவனாட்டம் எதுக்குடா குனிஞ்சு நிக்கறே? அந்தா வாரான் பாரு, அந்தா, அந்தா... புடிச்சுட்டான், புடிச்சுட்டான்! புடிச்சுட்டு எதுக்குடா என்னையப் பாக்கறே, பந்தைத் தூக்கி எறிடா மண்ணாந்தை!"

இப்படி ஒரு ஆட்டம் முழுக்க நடக்கும். எதிராளுக கோல் போட்டா, "நல்லாப் போட்டீங்க தம்பி"ன்னு கையத் தட்டும். அவுங்களுக்கு அது பெருமையா இருக்கும். பாவம்.

இந்த வசவுல பெரும்பங்கு வாங்குனவரு நான் இல்லீங்க, பெரிய முதலாளி. மண்டியில மூட்டைய எறக்கறதுக்கு முந்தியே அக்கா ஆரம்பிச்சிரும். "ஏண்டா தொந்தி, இன்னும் தராசுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கறியா? தங்கப்பித்தான் போட்டா வயிறு மறைஞ்சிருமா?" மண்டியில மூட்டை தூக்கறவங்க, கணக்குப்புள்ளை, வந்தவன் போனவன் அத்தனை பேரும் நிப்பாங்க. அவரு தொந்தி குலுங்கச் சிரிப்பாரு. வேற ஒருத்தன் அந்த வார்த்தையச் சொல்லிருந்தான்னா பல்லு இருந்திருக்காது. ஒண்ணுமில்லை, வாலிபத்துல அவரு மலைக்கு மொளகு வாங்கப் போன எடத்துல காய்ச்சல் வந்து உழுந்துட்டாரு. பொழைக்கமாட்டாருன்னு கூட வந்தவன் ஓடிப்போயிட்டான். அக்காதான் ஊட்டுக்குள்ள போட்டு, மூக்கைப் புடிச்சு மொளகுக் கசாயம் ஊத்தி, வஞ்சு வஞ்சே எழுப்பி உட்டுச்சு. "எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டுனா, அக்கா எனக்கு உசுரு ஊட்டுச்சு"ன்னு அவரே சொல்லுவாரு.

அப்படிப்பட்ட மனுசன் பண்ணுன காரியத்தைக் கேளுங்க. ராசிபுரத்துல சுத்துப்பட்டு ஊருகளுக்கெல்லாம் ஒரு கோப்பைக்கு ஆட்டம் வெச்சாங்க. நாங்க அடிச்சு முன்னேறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டோம். பாதிக்கு மேல கோல் போட்டது அந்த நாலு மலைப் பையனுகதான். கடைசி ஆட்டத்துக்குச் சேலத்துலருந்து ஒரு தொரை வாரான்னு சேதி வந்துச்சு. பட்டாளத்துக்கு மொளகு சப்ளை பண்ற விசயம் அந்தத் தொரை கையிலதான். அவ்வளவுதான். தம்பி அண்ணன் காதுல ஓதுனாரு. தொரை முன்னாடி வெறுங்காலும் கோவணமுமா நின்னா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பான்னு. மறுநாளே மலைப் பையனுக நாலு பேரும் வேண்டாம், டவுன்லருந்து பூட்ஸ் போட்ட ஆளுக நாலு பேரு வாராங்கன்னு மண்டியிலருந்து சொல்லி உட்டாங்க.

எங்க ஊரு ரெண்டாப் பொளந்துது. தையல்காரரு சந்தைமேட்டுல நின்னு குதிச்சாரு. "கடைசி ஆட்டத்துக்கு எல்லாரும் போவோம். ஊதல் ஊதுன ஒடனே எந்திரிச்சு, முதுகைக் காட்டித் திரும்பி உக்காருவோம். ஒருத்தன் கை தட்டக்கூடாது, ஒருத்தன் கத்தக்கூடாது. மொதலாளிக மூஞ்சி எங்க போவுதுன்னு பாப்போம்." காப்பிக்கடைக்காரருக்கு ஆகலை. "என்ன பேசறே நீயி? கோப்பை நம்மூருக்கு வருது. மொதல்ல கத்தி ஜெயிக்க வெப்போம். சண்டைய நாளைக்குப் போட்டுக்கலாம். மொதலாளி என்ன ஓடியா போவாரு?" "நாளைக்குப் போடற சண்டைக்குப் பேரு சண்டையா? அது ஊசிப்போன சோறு!" "உன் தையல் மெசினை உட நீதான்யா அதிகமாச் சத்தம் போடறே!" வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாங்க ரெண்டு பேரும். அன்னியிலருந்து ஊருக்குள்ள முதுகுக் கட்சி, மூஞ்சிக் கட்சின்னு ஆயிப்போச்சு. ஒரு ஊட்டுக்குள்ளயே புருசன் முதுகு, பொண்டாட்டி மூஞ்சி.

ரெண்டு கட்சிக்கும் ஒரே கவலை, மலையக்கா எந்தப் பக்கம்? அக்கா உக்கார்ற பக்கந்தான் மலைச்சனம் உக்காரும். தூதுக்கு ஆளைத் தேடுனாங்க. பெரியவருக்கு அடுத்து அக்கா வாயில அதிகமா விழறவன்னு என்னையப் புடிச்சுத் தள்ளி உட்டாங்க.

நான் மேல போறப்ப அக்கா பாறையில மொளகைக் காயப்போட்டுக் காலால கிண்டி உட்டுட்டிருந்துச்சு. மகன் தள்ளி உக்காந்து ஒரு குச்சியத் துண்டு துண்டா ஒடிச்சிட்டிருந்தான். எல்லாத்தையும் சொன்னேன். இப்ப வெடிக்கும் பாரு, தொந்தியில ஆரம்பிச்சுப் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போவும்னு காதைத் தீட்டிட்டு நின்னேன்.

அக்கா மொளகைக் கிண்டறதை நிறுத்தலை. மெதுவாச் சொல்லுச்சு. "அவுங்க பெரியவங்க. அவுங்க பந்து, அவுங்க இஷ்டம். நாம என்ன சொல்ல முடியும்."

அவுங்களாம்! கசாயம் ஊத்துன கை சொல்லுது, அவுங்களாம். மகன் குச்சி ஒடிக்கறதை உட்டுட்டு அம்மா மொகத்தைப் பாத்தான். அந்தப் பையனுக்கும் அப்பத்தான் விசயம் எவ்வளவு பெருசுன்னு வெளங்குச்சு போல.

"அக்கா, நான் மட்டும் எப்படி ஆடறது? நானும் ஆடாம நின்னுக்கட்டுமா?"ன்னு கேட்டேன்.

"கிழிச்சே! நீயும் நின்னுட்டா கோலை ஆரு காப்பா, உங்கொப்பனா? பெரிய தியாகி வந்துட்டான். போயி ஒழுங்கா ஆடுறா கட்டையில போறவனே!"

அப்பாடா, நமக்கு இன்னும் எடம் இருக்குதுன்னு மூச்சு வந்துச்சு. எந்தக் கட்சின்னு கேக்க மறந்துட்டு எறங்கி வந்துட்டேன். கீழ ரெண்டு கட்சிக்காரனும் வஞ்சாங்க, அது ருசியா இல்லை.

ஆட்டத்தன்னிக்கு ராசிபுரமே நெறைஞ்சு கெடந்துச்சு. வண்டி கட்டிட்டு வந்தவன், கரி பஸ்ஸுல மொகமெல்லாம் கரியா வந்தவன், நடந்தே வந்த மலைச்சனம். மலைக்காரங்க கம்பளியப் போத்திட்டு என் கோலுக்குப் பின்னால வரிசையா வந்து உக்காந்தாங்க. நாலு பையனுகளும் அதுலயே. நடுவுல அக்கா. பக்கவாட்டுல பந்தல், பந்தல்ல தொரை, தொரைக்கு ரெண்டு பக்கமும் முதலாளிக. பெரியவருக்குப் புதுச் சட்டை. பின்னால பேண்டு வாத்தியம். எங்களோட நின்ன டவுன் ஆளுக நாலு பேரும் பூட்ஸைப் பாத்துக் குனிஞ்சுட்டே இருந்தாங்க. எங்க பேரு என்னன்னு ஒருத்தன் கேக்கலை.

ஊதல் ஊதுச்சு. அக்கா எந்திரிச்சுச்சு, கூடையத் திருப்பிப் போட்டுச்சு, முதுகைக் காட்டி உக்காந்துச்சு. அதோட மலைச்சனம் பூரா திரும்புச்சு. முதுகுக் கட்சி திரும்புச்சு. மூஞ்சிக் கட்சி திரும்பலை. ரெண்டும் கலந்து உக்காந்திருந்ததால, ஒரு மூஞ்சி, ஒரு முதுகு, ரெண்டு முதுகு, ஒரு மூஞ்சின்னு பாக்கறதுக்கே பைத்தியமாட்டம் இருந்துச்சு.

திரும்பி உக்காந்தது சரி, ஆட்டம் என்ன ஆவுதுன்னு தெரியோணுமே! நாலு நிமிசம் தையல்காரரு பல்லைக் கடிச்சாரு. அப்பறம் பக்கத்துல இருந்த காப்பிக்கடைக்காரரை மொழங்கையால இடிச்சாரு.

"என்னய்யா ஆச்சு?"

"திரும்பிப் பாரு, தெரியும்."

"திரும்பமாட்டேன். சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"அடப் பாவி, சொல்லித் தொலையேன்!"

"பந்து மேக்கால போவுது... நம்மாளு ஒதைச்சான்... கோல்! கோலு!"

முதுகுக் கட்சி அத்தனையும் குதிச்சு எந்திரிச்சுக் கையத் தூக்கிருச்சு. கோலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காப்பிக்கடைக்காரரு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறாரு. அப்பறம் என்ன, முதுகு கேக்க மூஞ்சி சொல்ல, மைதானம் பூரா குசுகுசுன்னு ஒரே கதையளப்பு.

என் கதைதான் சிரிப்பா சிரிச்சுது. பின்னால வசவே இல்லை. காது ரெண்டும் ஓட்டையாப் போனாப்பல இருந்துச்சு. திரும்பித் திரும்பி அக்கா முதுகைப் பாத்தேன். அந்த நேரத்துல ஒருத்தன் ஒதைச்சான், பந்து காலுக்கு நடுவுல போயிருச்சு. "அக்கா, ஏதாச்சும் வையக்கா"ன்னு கெஞ்சுனேன். முதுகு ஆடாமச் சொல்லுச்சு. "பந்தைப் பாருடா குருட்டுப்பயலே, என் முதுகுல என்ன கோலமா போட்டிருக்குது?" கொஞ்சம் தெம்பு வந்துச்சு. பத்தலை. ரெண்டாவது கோலும் உழுந்துச்சு. பூட்ஸ் ஆளுக நாலு பேரும் அவுங்களுக்குள்ளயே பந்தைக் குடுத்து வாங்கிட்டு, நாங்க ஆருமே இல்லாத மாதிரி ஆடுனாங்க.

இப்பத்தான் பந்தல்ல அந்தக் கூத்து நடந்துது. தொரைக்குக் கொடை புடிச்சிட்டு நின்ன எங்கூர்த் தலையாரி கண்ணால பாத்துட்டு வந்து சொன்னது. தொரை கையக் காட்டி, அவுங்கெல்லாம் எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்காங்கன்னு கேட்டிருக்கான். பெரிய முதலாளி தம்பியைப் பாத்தாரு. சின்னவரு எந்திரிச்சு, குனிஞ்சு, வாயில வந்ததைச் சொல்லிட்டாரு. "அது மலை வழக்கமுங்க தொரை. பெரியவங்க வந்திருக்கற எடத்துல மொகத்தைக் காட்டமாட்டாங்க. முதுகைக் காட்டறதுதான் மரியாதை."

தொரையோட குமாஸ்தா அதை இங்கிலீசுல சொன்னாரு. தொரைக்கு ரொம்பச் சந்தோசம். நல்ல மனுசன் போல. இந்த ஊரு வழக்கத்துக்கு நானும் மரியாதை பண்ணோணும்னு சொல்லிப்போட்டு, தொப்பியக் கழட்டி மடியில வெச்சுட்டு, நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டான்!

தொரை திரும்புனா மத்தவன் திரும்பாம உக்கார முடியுமா? குமாஸ்தா திரும்புனாரு. மிராசுதாருக திரும்புனாங்க. பேண்டுக்காரங்க கொழலோட திரும்புனாங்க. எதிராளுக ஊர்க்காரங்க, என்னமோ ஏதோன்னு அவுங்களும் திரும்புனாங்க. முதலாளிக ரெண்டு பேரும் வேற வழியில்லாமத் திரும்பி, பந்தல் துணியப் பாத்துட்டு உக்காந்தாங்க. இருபத்திரெண்டு பேரு ஆடறோம், காப்பிக்கடைக்காரரோட கட்சியத் தவுத்து ஒருத்தன் பாக்கலை. ரெப்ரி ஊதலை வாயில வெச்சுட்டு ஊத மறந்து நின்னாரு.

ஆப் டைம் வந்ததுதான் தாமதம், பெரியவரு வேட்டியத் தூக்கிப் புடிச்சுட்டு ஓடியாந்தாரு. தொந்தி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்.

"அக்கா! என்னக்கா இது? நீங்கெல்லாம் திரும்புனாத்தான் தொரை திரும்புவான். எம் மானம் போவுதக்கா!"

அக்கா எந்திரிச்சு நின்னுச்சு. கூடைய முந்தானையால தொடைச்சு அவரு பக்கம் நகத்துச்சு. "வாங்க. உக்காருங்க. வெய்யில்ல ஓடியாந்திருக்கீங்க. மோரு கொண்டாந்திருக்கேன், குடிக்கறீங்களா?"

பெரியவரு மொகத்தைப் பாக்கோணுமே! கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட அப்படி ஆயிருக்கமாட்டாரு.

"அக்கா... என்னையப் போயி வாங்கங்கறியே?"

"வாராதவங்க வந்திருக்கீங்க. வேற எப்படிச் சொல்றதுங்க?"

"தப்புத்தான்க்கா. உம் மகனை எறக்கறேன். இப்பவே எறக்கறேன். திரும்பி உக்காருக்கா."

மகன் பாதி எந்திரிச்சுட்டான். அக்கா அவன் தோள்ல கையை வெச்சு அமுத்துச்சு. "நாலு பசங்களும் ஒரே தடத்துல எறங்கி வந்தவனுகங்க. என்னுது மட்டும் ஆடிட்டு வந்தா, திரும்பி மேல ஏறறப்ப மத்த மூணு ஆத்தாளுக மொகத்தை நான் எப்படிங்க பாக்கறது? நீங்க ஆட்டத்தைப் பாருங்க. எங்களுக்கு இப்படியே காத்தோட்டமா இருக்குது."

கம்பளி போத்துன பொம்பளைங்க மூணு பேரு பின்னால இருந்தாங்க. அதுல ஒருத்தி மூக்கை உறிஞ்சுனது கேட்டுச்சு. பெரியவரு பந்தலைப் பாத்தாரு. தம்பி அங்கிருந்து கூடாது கூடாதுன்னு கையை ஆட்டறாரு. இவரு தம்பியையும் பாத்தாரு, அக்காவையும் பாத்தாரு. அப்பறம் பூட்ஸ்காரங்க பக்கம் திரும்பி ஒரே கத்தல். "நாலு பேரும் பனியனைக் கழட்டுங்கடா!"

ஆப் டைம்ல ஆளை மாத்தலாமான்னு ரெப்ரி இழுத்தாரு. எதிராளுகளோட கேப்டன் மலைப் பையனுக காலைப் பாத்துட்டு, "வெறுங்காலுதானே, ஆடிட்டுப் போகட்டும்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு அவன் ரொம்ப நாளு வருத்தப்பட்டிருப்பான்.

அக்கா கூடையத் தூக்கிட்டு, நான் போன எதிர்க் கோலுக்குப் பின்னால வந்து, ஆட்டத்தைப் பாக்கத் திருப்பிப் போட்டுச்சு. மலைச்சனம் திரும்புச்சு. முதுகுக் கட்சி, சுளுக்குன கழுத்தைத் தேச்சுட்டுத் திரும்புச்சு. பந்தல்ல தொரை தலையத் திருப்பி இதைப் பாத்துட்டு, மரியாதைல பாதி நேரம் இப்படி, பாதி நேரம் அப்படி போலிருக்குதுன்னு குமாஸ்தாகிட்டச் சொல்லிட்டுத் திரும்புனானாம். அவன் பின்னால பேண்டும் திரும்புச்சு. ஆட்டத்துக்கு உசுரு வந்துச்சுங்க. மூணு கோலு போட்டானுக. மூணாவது அக்கா மகன் போட்டது. போட்டுட்டு அவன் எங்கயும் ஓடலை, நின்ன எடத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டான். எனக்குப் பின்னாலருந்து வசவு மழையாக் கொட்டுச்சு. ஒரு பந்து உள்ள போகலை. போகுமா?

ஜெயிச்சது எங்களாலதான்னு முதுகுக் கட்சி. இல்லை, எங்களாலதான்னு மூஞ்சிக் கட்சி. தையல்காரரும் காப்பிக்கடைக்காரரும் கட்டிப் புடிச்சு ஆடிட்டே சண்டை போட்டாங்க.

தொரை பெரியவரு கையப் புடிச்சுக் குலுக்குனான். மொளகு சப்ளையும் கெடைச்சுதுன்னு பின்னால கேள்விப்பட்டேன். அதெல்லாம் அவரு கண்டுக்கலை. கோப்பையத் தண்ணிக்கொடமாட்டம் இடுப்புல வெச்சுட்டு நேரா அக்காகிட்ட வந்தாரு. சின்னப்புள்ளை பரிச்சையில பாசாயி ஆத்தாகிட்ட ஓடியாற மாதிரி ஒரு மொகம்.

"அக்கா, நாலு பேரையும் எறக்கிட்டேன். கோப்பை வந்துருச்சு. இப்பவாச்சும்..."

அக்கா ரெண்டு கையையும் கூப்பிக் கும்புட்டுச்சு. "ரொம்பச் சந்தோசமுங்க. நல்லா இருங்க." சொல்லிட்டு என் பக்கம் திரும்புச்சு. "ஏண்டா, மொதப் பாதியில ரெண்டு கோலை உள்ள உட்டியே, ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு வழி உடற மாதிரி, உனக்குச் சோறு போடறவளைச் சொல்லோணும்..." அப்பறம் நாலு பையனுகளுக்கும் கெடைச்சுது. தையல்காரருக்கும் காப்பிக்கடைக்காரருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கெடைச்சுது. பெரியவரு கோப்பையோட நின்னுட்டே இருந்தாரு. அவருக்கு எதுவும் கெடைக்கலை.

அதுக்கப்புறம் மலைப் பையனுக இல்லாம ஒரு ஆட்டம் நடக்கலை. தம்பி முணுமுணுத்தா அண்ணன் அடிக்கப் போவாரு. ஆனா மண்டியில அக்காவோட வாயி தெறக்கலை. மொளகை எறக்கும், "நல்லாருக்கீங்களா"ங்கும், போயிரும். ஒருதரம் அவரு வேணுமின்னே தராசைச் சாச்சுப் போட்டாரு. அக்கா தன்னையப் புடிச்சுக் கிழிக்கோணும்னுதான். மூட்டை தூக்கறவங்கெல்லாம் வந்து நின்னுட்டாங்க. அக்கா தராசைப் பாத்துச்சு, அவரைப் பாத்துச்சு. "நீங்க பாத்துப் போட்டாச் சரிங்க"ன்னுச்சு. அன்னிக்கு அவரு மண்டியச் சாத்திட்டு ஊட்டுக்குப் போயிட்டாரு. ஏனக்கா, இத்தனை கல்மனசு ஆகாதுன்னு நான் சொல்லிப் பாத்தேன். "நான் என்னடா பண்ணட்டும்? வாயைத் தெறந்தா வரமாட்டேங்குது"ன்னுச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அது பிடிவாதம் பண்ணலை. அதுக்கும் உள்ள வலிச்சிருக்குது.

பெரியவரு ஒரு வேலை பண்ணுனாரு. ஆட்டம் நடக்கறப்ப பந்தல்ல உக்கார்றதை உட்டுட்டு, ஒரு முக்காலியத் தூக்கிட்டு வந்து என் கோல் மூங்கிலுக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டாரு. "இங்கெதுக்கு மொதலாளி, பந்து படும்"னேன். "இங்கருந்துதாண்டா நல்லாத் தெரியுது"ன்னாரு. என்ன தெரியுது? என் முதுகுதான் தெரியும். எனக்கு விழற வசவுல நாலு சொட்டு அவரு மேலயும் தெறிக்கட்டும்னு உக்காந்திருந்தாரு, வேறென்ன. அக்கா வையறப்பெல்லாம் தலைய இந்தப் பக்கம் சாச்சுக்குவாரு.

ஒரு சந்தை நாளு. பந்து வேகமா வந்துச்சு, நான் தாவுனேன், தப்பிருச்சு. பந்து உருண்டு போயி அவரு காலடியில நின்னுச்சு. பின்னாலருந்து அக்கா கத்துச்சு. "கண்ணு அவிஞ்சா போச்சு? காலடியில கெடக்குது, எடுக்கத் தெரியலியாடா தடிமாடு!"

பெரியவரு சடார்னு எந்திரிச்சாரு. முக்காலி சாஞ்சுது. மொகமெல்லாம் வெளிச்சம். "என்னையாக்கா? என்னையா சொன்னே?"

அக்கா பதறிப்போயி எந்திரிச்சு நின்னுச்சு.

"ஐயோ, உங்களை இல்லீங்க. அந்தப் பயலைத்தான் வஞ்சேனுங்க. நீங்க உக்காருங்க."